வழிமாற்று

பகலில் நான் அந்தேரியில்
காப்பீட்டு விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புகிறவள்.
"ஆவணம் போதாது" என்றொரு பொத்தான்.
மாதக் கடைசியில் அதிலேயே நகம் தேயும்.

இரவில், மாதுங்கா லேபர் கேம்ப்பில்,
தகரத்தின் மேல் மழை தட்டச்சு செய்ய,
நான் எழுதியது எனக்கே திரும்பி வரும்.
"குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை."
கையொப்பம்: நீர்க்காகம்72.

எழுதியது செல்லக்கனியைப் பற்றி.
எண்பத்தேழில், பெண்கள் கேரம் இறுதியாட்டத்தில்
எதிராளிக்கு ஒரு அடிகூடத் தராமல்
ஒன்பது காயும் சிவப்பும் ஒரே மூச்சில் போட்டவள்.
இப்போது தோல்பைகளுக்கு ஜிப் வைக்கிறாள்.

"அவள் சுண்டினால்
காய் வெட்கப்பட்டுக் குழியில் இறங்கும்"
என்றொரு வரி வைத்திருந்தேன்.
கலைக்களஞ்சிய நடை அல்ல என்றது நீர்க்காகம்.
சரிதான். அழித்தேன்.
அழித்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையைப் படமெடுத்துப் போட்டேன்.
அதில் 'முதல் பரிசு' இருக்கிறது, பெயர் இல்லை.
பெயர் பொறிக்க எழுத்துக்கு எட்டணா
தனியாகக் கேட்டார்களாம்.

பார்த்தவர்கள் எங்கள் சந்திலேயே
நாற்பது பேர் இருக்கிறார்கள் என்றேன்.
நினைவு சான்றாகாது, அச்சில் வேண்டும்.
மேலும் ஒரு கேள்வி:
கட்டுரைக்குரியவர் உங்களுக்கு உறவா?

எங்களுக்கு நடுவே ஒரே சுவர்.
அவள் தேங்காய் துருவினால்
என் அலமாரியில் டம்ளர் ஆடும்.
இதற்கு என்ன பெயர் என்று தெரியாமல்
"இல்லை" என்று எழுதினேன்.

காலை ஐந்து மணிக் குழாயடியில் கேட்பாள்:
"என்னட்டி, பாஸாயிட்டனா?"
"ஒவ்வொரு வரிக்கும் சான்று கேக்காங்கக்கா."
குடத்தை நகர்த்தியபடி சிரித்தாள்.
"சரியாத்தான கேக்கான்.
சிவப்பைப் போட்டா மட்டும் ஆச்சா?
அடுத்த அடியில கவர் போடணும்லா.
இல்லன்னா எடுத்து நடுவுல வைக்கத்தான் செய்வான்."

மூன்று சனிக்கிழமை தாதரில்
ஒரு வாசகசாலையின் மச்சில் தும்மினேன்.
நின்றுபோன தமிழ் நாளிதழ் ஒன்றை
வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள்,
ஈரத்தில் ஒட்டிய பக்கங்களை
ஸ்கேலால் பிரிக்க வேண்டும்.
ஆறாம் பக்கம். சிமென்ட் விளம்பரத்துக்குக் கீழே,
ஒரு கண்ணீர் அஞ்சலிக்கு மேலே,
நான்கே வரி.
பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காட்டலாம் போலிருந்தது.

பிறகுதான் பெயரைப் படித்தேன்.
செல்வக்கனி.

ஒரு எழுத்து. அச்சுக் கோத்தவனுக்குத்
தூக்கம் வந்திருக்கும்.
முந்தின நாள்தான்,
ஆஸ்பத்திரி பில்லில் ஒரு எழுத்து பிசகியதற்காக
யாரோ ஒரு யசோதாபாயைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

இரவு இரண்டேகாலுக்குப் பதில் வந்தது.
"தலைப்பு சான்றில் உள்ளபடியே இருக்க வேண்டும்."
ரேஷன் கார்டு இருக்கிறது என்றேன்.
"தனிப்பட்ட ஆவணம். வருந்துகிறோம்."
அந்த 'வருந்துகிறோம்' எனக்கு நன்றாகத் தெரியும்.
நாளைக்கு எண்பது முறை
நானே அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை, மாஹிமில் ரயில் நின்றபோது
போன் ஒருமுறை அதிர்ந்தது.
ஏற்கப்பட்டது. குறுங்கட்டுரை. மூன்று வரி.
செல்வக்கனி, மும்பை கேரம் ஆட்டக்காரர்.
கூடவே, நான் கேட்காமலே,
நீர்க்காகம் ஒன்று செய்திருந்தது:
செல்லக்கனி என்று தேடுகிறவர்களும்
அங்கே போய்ச் சேரும்படி ஒரு வழிமாற்று.
அதுவும் அந்நேரம் விழித்திருந்த ஏதோ ஒரு ஆள்தான்.

அன்றிரவு போனை நீட்டினேன்.
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து
ஒவ்வொரு எழுத்தாகப் போனாள்.
"யாருட்டி இவ?"

நான் வாயைத் திறப்பதற்குள்
இன்னொரு முறை படித்தாள்.
கட்டைவிரல் நகத்தில்
ஆட்காட்டி விரலை வைத்துச்
சும்மா காற்றில் ஒரு சுண்டு.

"எண்பத்தேழுலயா," என்றாள்.
"நல்லாத்தான் ஆடியிருக்கா."

அடுத்த ஜிப்பை எடுத்துப் பல்லில் கடித்தாள்.